கொக்கி எண் 614

ஆகஸ்ட் 11

அன்புள்ள நெஜ்தெத்துக்கு,

ஏவால்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ரோஸ்வித்தாவும் நலம், என் மூச்சைத் தவிர. கரித்தூசி குடியேறிய மூச்சு, அது எப்படி நலமாக இருக்கும்? நீ தினமும் காலையில் கருங்கடலில் நீந்துகிறாய் என்று உன் பேத்தி நூர்ஜான் சொன்னாள். அறுபத்தாறு வயதில் இது தேவையா? சரி, நீந்து. நான் சொன்னால் நீ என்றைக்குக் கேட்டிருக்கிறாய்.

பதினாறு வருஷம் ஒரு வரி கிடையாது. இப்போது பேத்தியின் கைப்பேசி வழியாக ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாய்: "அந்தக் கிழவன்கிட்ட கேளு, நான் வந்து பாக்கற மாதிரி அந்த ஊர்ல இப்ப என்ன இருக்குன்னு." எனக்குக் கோபம்தான் வந்தது. நான் என்ன சுற்றுலா அலுவலகமா? இருபத்திரண்டு வருஷம் உன்னோடு ஒரே சுரங்கக் கூண்டில் நின்று பூமிக்குள் இறங்கியவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

சுரங்கத்தின் சக்கரக் கோபுரம் நிற்கிறது. புதிதாகச் சிவப்புச் சாயம் அடித்திருக்கிறார்கள். நாம் ஆயிரம் மீட்டர் கீழே போன இடத்தில் இப்போது அறுபது மீட்டர் மேலே போகிறார்கள், கண்ணாடி லிஃப்டில். மேலே நின்று கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நிலக்கரியை வேகவைத்த கோக் சூளைகளின் ஓரமாக ஒரு நீச்சல் குளம் வந்திருக்கிறது, குளிர்காலத்தில் அங்கே பனிச்சறுக்கு வேறு. எந்த இடத்தில் நின்று செருப்பில்லாமல் குதிக்கிறார்கள் தெரியுமா? ஷால்கே அண்ணன் காலைச் சுட்டுக்கொண்ட அதே இடம்.

நாம் தோண்டி வெளியே தள்ளிய கழிவுக் கல் மலையில் புல் முளைத்துவிட்டது. படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் ஜனங்கள் அதன்மேல் ஏறி, சூரியன் மறைவதைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள். சூரியன் அதுபாட்டுக்குத் தினமும் மறைகிறது, அதற்கு எதற்குக் கைதட்டல்? மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுவோமே அந்தச் சாக்கடை ஆறு, அதில் இப்போது மீன் இருக்கிறதாம். கரையோரம் சைக்கிள் பாதை. ரோஸ்வித்தா போய்விட்டு வந்து, "வாத்தெல்லாம் மிதக்குது, வந்து பாரேன் மனுஷா" என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறாள். நான் போகவில்லை.

நம் குடியிருப்பு வரிசையைப் பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவித்திருக்கிறார்கள். கதவுக்குப் பச்சை நிறம்தான் அடிக்க வேண்டும். ரோஸ்வித்தா ஆசைப்பட்டு நீலம் அடித்தாள், பத்தே நாளில் நகராட்சியிலிருந்து கடிதம். உன் வீட்டில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். நீ நட்ட அத்திமரம் காய்க்கிறது. இந்தக் குளிரில் அத்தி காய்த்தால் என் காதை அறுத்துத் தருகிறேன் என்று நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும், அதனால் இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மூலைக்கடை அப்படியே இருக்கிறது. சாசேஜில் பன்றி இறைச்சி இல்லாததும் இப்போது கிடைக்கிறது. உனக்காக விசாரித்து வைத்தேன்.

இதுவரை எழுதியதை ரோஸ்வித்தா எடுத்துப் படித்தாள். "பதினாறு வருஷம் கழிச்சு எழுதற கடிதாசியா இது? வாத்து, சாசேஜு, பச்சைக் கதவு! விஷயத்தைச் சொல்லு. இல்லன்னா நான் எழுதறேன்" என்று பேனாவைப் பிடுங்க வந்தாள். அவள் எழுதினால் எனக்கு இன்னும் கேவலம். நானே சொல்லிவிடுகிறேன்.

நான்கு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் சுரங்கத்தை நான்தான் பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டுகிறேன். உடை மாற்றும் கூடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். கூரையிலிருந்து தொங்கும் சங்கிலிகள், கொக்கிகள், கீழே பெஞ்சில் எண்கள். எல்லாக் கொக்கியும் காலி. அழுக்கு உடுப்புக்கான கறுப்புப் பக்கத்தில் ஒன்றே ஒன்றில் மட்டும் இன்னும் வேலை உடுப்பும் பூட்ஸும் கூரையோடு கூரையாகத் தொங்குகின்றன. கீழே சங்கிலியில் பூட்டு. அறுநூற்றுப் பதினான்கு. அண்ணாந்து பார்த்தால் உன் பூட்ஸின் அடிப்பாகம் தெரியும்.

வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள்: "அது யாரோடது?" முதல் தடவை கேட்டபோது என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "செத்துப்போன ஒரு தோழனோடதுங்க." அவ்வளவுதான், எல்லோரும் தலை குனிந்து அமைதியாகிவிட்டார்கள். அடுத்த கேள்வி இல்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று. நான்கு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் உன்னைக் கொன்றிருக்கிறேன்.

போன மாதம் கூட்டத்திலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். "ஐயா, அவர் சாகலைங்க. இன்னிக்குக் காலைலகூட ஃபோன்ல என்கிட்ட சண்டை போட்டாரு. அவர் எங்க தாத்தா. நீங்கதானே ஏவால்ட்? தாத்தா சொன்ன அந்தக் காதைப் பாத்ததுமே நெனச்சேன்." பதினான்கு பேர் என் காதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தரை பிளந்து மறுபடி ஆயிரம் மீட்டர் கீழே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பக்கத்து நகரத்தில் படிக்கிறாளாம், உன் கொக்கி எண்ணைத் தேடித்தான் வந்தாளாம். பொல்லாத பெண். எனக்குப் பிடித்துவிட்டது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது இதோடு முடியவில்லை. செப்டம்பர் முடிந்ததும் அந்தக் கூடத்தின் கூரையைப் பிரிக்கிறார்கள், கல்யாண மண்டபம் ஆக்கப் போகிறார்கள். உடையவர் இறந்துவிட்டார் என்று நானே சொல்லி வைத்ததால், நிர்வாகி லூட்கென் அம்மாள் உன் பூட்டை வெட்டி, உடுப்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடிவு செய்திருந்தாள். பெயர்கூட இல்லாமல், "ஒரு சுரங்கத் தொழிலாளியின் உடுப்பு" என்று அட்டை. நூர்ஜான் வந்துபோன மறுநாளே ஓடிப்போய், "அவன் உயிரோட இருக்கான், நான் சொன்னது பொய்" என்று ஒத்துக்கொண்டேன். அந்தம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "நாலு வருஷமாவா?" என்றாள். நாலு வருஷமாகத்தான். பிறகு, செப்டம்பர் முப்பதுக்குள் உடையவரே நேரில் வந்து திறந்தால் அவர் எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வெட்டுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டாள்.

அந்த வெட்டும் கருவியை மேஜைமேல் எடுத்தும் வைத்துவிட்டார்கள், நெஜ்தெத். சிவப்புப் பிடி. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத் தாண்டித்தான் நான் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

இனி, ரோஸ்வித்தா சொன்ன விஷயம். சுரங்கத்தை மூடியபோது வடக்கே இன்னொரு சுரங்கத்துக்கு மாற்ற நம் பிரிவில் முப்பது பேரைத்தான் கேட்டார்கள். பட்டியல் போட்ட தொழிலாளர் குழுவில் நான் இருந்தேன். உன் பெயர் முப்பதாவது. அதை அடித்துவிட்டு என் மருமகன் டெட்லெஃபின் பெயரை எழுதினேன். என் கையால். அலுவலகம் அடித்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடம் மட்டும் அதைக்கூடச் சொல்லவில்லை, நீ என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய் என்று தெரியும். அறிவிப்புப் பலகையில் டெட்லெஃபின் பெயரைப் பார்த்துக் கண்டுபிடித்தாய். அந்த டெட்லெஃப் இரண்டு வருஷத்தில் அந்த வேலையையும் விட்டான், என் மகளையும் விட்டான். இதைக் கேட்டு நீ சிரித்துக்கொள்.

அன்றைக்கு மேலே வந்து குளியல் கூடத்துக்குள் நுழைந்தோம். இருபத்திரண்டு வருஷ வழக்கம்: வரிசையாக நிற்போம், முன்னால் நிற்பவன் முதுகைப் பின்னால் நிற்பவன் தேய்ப்பான். கரித்தூசி நம் கைக்கு எட்டாத இடத்தில்தானே போய் உட்காரும். உன் முதுகு என் கைக்கு, என் முதுகு உன் கைக்கு. அன்று நான் சோப்போடு நின்றேன். நீ தண்ணீரில் கைகூட நனைக்காமல் நடந்து போனாய். அந்தக் கரி முதுகின்மேல் வெள்ளைச் சட்டையை மாட்டினாய். முதுகு முழுக்கக் கறுப்பு ஊறித் தெரிந்தது. அப்படியே வாசலைத் தாண்டி, ஊர் பார்க்க, வீடு வரைக்கும் நடந்தாய். அங்கே இருந்த நாற்பது பேருக்கும் அதன் அர்த்தம் தெரியும். நீ நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் நீ உன் கருங்கடல் ஊருக்கே திரும்பிப் போய்விட்டாய். நான் ஒரு நீளப்பிடி பிரஷ் வாங்கினேன். நடுமுதுகுக்கு அது எட்டுவதே இல்லை. பாழாய்ப்போன பிரஷ்.

நான் செய்தது துரோகம், நெஜ்தெத். எழுதிவிட்டேன். ரோஸ்வித்தா படித்துவிட்டு, "ம்" என்றாள், அவ்வளவுதான்.

ஆகவே இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்றால், ஒரு பூட்டு இருக்கிறது. வேறு எதுவும் நீ இவ்வளவு தூரம் வந்து பார்க்கும்படி இல்லை. கண்ணாடி லிஃப்ட் வேண்டாம், கழிவுக் கல் மலை வேண்டாம், வாத்து வேண்டவே வேண்டாம். சாவி உன்னிடம்தான் இருக்கும். நீ எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. ஆனால் அதை ஒரு உறையில் போட்டு நூர்ஜான் கையில் கொடுத்தனுப்பிவிடாதே. அப்படிச் செய்வாய் என்றுதான் எனக்குப் பயம். அவள் நல்ல பெண், வாங்கிக்கொண்டு வந்து திறந்தும் விடுவாள். அப்புறம் நீ வருவதற்குக் காரணமே இருக்காது.

நீயே வா. குளியல் கூடத்தில் ஒரே ஒரு குழாயில் மட்டும் இன்னும் தண்ணீர் வருகிறது. கை வைத்துப் பார்த்துவிட்டேன், சுடுகிறது. சோப்பு நான் கொண்டு வருகிறேன். நீ திரும்பி நின்றால் போதும்.

கீழே இறங்கும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோமே, அதையே சொல்லி முடிக்கிறேன்: நல்லபடியாய் மேலே வா.

உன்,
ஏவால்ட்
(கொக்கி எண் 615)