கேட்க மட்டுமே தெரிந்த ஐந்து கணினிகள்

மார்ச் 4
இந்த யூனிக்ஸ் மென்பொருளை வாங்கச் சொன்னவன் நான்தான். நெட்வொர்க்கும் இதற்குள்ளேயே வருகிறது, தனியாக எதுவும் வேண்டாம் என்று முதலாளியிடம் அளந்துவிட்டேன். வரைபட அறையில் ஐந்து கணினியிலும் யூனிக்ஸ் டெஸ்க்டாப் பதிப்பு போட்டாகிவிட்டது, கேபிளும் இழுத்தாகிவிட்டது. ஒன்றில் வரைந்த கட்டடம் இன்னொன்றில் தெரிய மாட்டேன் என்கிறது.

மார்ச் 5
கையேட்டை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். இந்தப் பதிப்பில் கிளையன்ட் பகுதி மட்டும்தான். இன்னொரு கணினி கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். தன்னுடையதை யாருக்கும் கொடுக்காது. கொடுக்கிற சர்வர் பகுதியைத் தனியாக விற்கிறார்கள். வீடு முழுக்க விருந்தாளிகள், பரிமாற ஆளில்லை. எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

மார்ச் 11
சொல்லவில்லை. எல்லாரும் சாப்பிடப் போனதும் ஃபிளாப்பியோடு ஒவ்வொரு கணினியாகப் போய், காலையில் வரைந்தவற்றை மற்றவற்றில் ஏற்றிவிடுகிறேன். நெட்வொர்க் வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுகிறார்கள். அதற்கு மதியத்துக்கு மேல்தான் சுறுசுறுப்பு வருகிறது என்று கேலி வேறு. நானும் சிரித்து வைத்தேன்.

மார்ச் 14
சாப்பாட்டு டப்பா தொடாமல் திரும்புவதைப் பார்த்து மனைவி, "புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள்.

வாயைத் திறப்பதுதானே பிரச்சினை.

மார்ச் 19
வரைவாளர் அக்கா வாரம் முழுக்கத் திருத்திய படிக்கட்டு போயே போய்விட்டது. வேறொரு கணினியில் கிடந்த பழைய படத்தை அதன் மேல் ஏற்றித் தொலைத்தது நான். அதே பெயர், அவசரம், பார்க்கவில்லை.

முதலாளி எல்லார் முன்னாலும் அக்காவைப் பிடித்துக்கொண்டார். சேமிக்கக்கூடத் தெரியாதா என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நான் சேமிச்சேன் தம்பி. நீயே சொல்லு, தானா அழியுமா?"

"அழியாதுக்கா" என்றேன்.

பொய் இல்லை. அதுதான் கேவலம். சீ, என்ன மனுஷன்டா நீ. பேசாமயாவது இருந்திருக்கலாமே—

மார்ச் 20
மூக்குக்கண்ணாடியை எடுக்க அக்கா பாதிச் சாப்பாட்டில் திரும்பி வந்தார். அவர் கணினியில் என் ஃபிளாப்பி. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இவ்வளவு நாளா நெட்வொர்க்குன்னு ஓடினது நீதானா?"

கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 21
அக்கா யாரிடமும் சொல்லவில்லை. அது இன்னும் சுட்டது. நானே போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், படிக்கட்டு உட்பட. அவர், "விடுப்பா, வித்தவன் வெளக்கமா சொல்லியிருக்கணும்" என்று ஒரு கணினிக்கு சர்வர் வாங்கச் சொன்னார். அவ்வளவுதான். எனக்கு ஒரு திட்டு இல்லை. அக்காவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஏப்ரல் 2
சர்வர் வந்துவிட்டது. ஒன்று கொடுக்கிறது, நான்கும் வாங்கிக்கொள்கின்றன. இன்று உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அக்கா மட்டும் ஒவ்வொரு படத்தையும் சேமித்த கையோடு அச்செடுத்து, இழுப்பறையில் வைத்துப் பூட்டுகிறார். பக்கத்தில் போய், இனிமேல் அழியாது அக்கா என்றேன். அவர் தலை நிமிரவில்லை.

"சரிங்க சார்" என்றார்.