நான் அவிக்காத இடியப்பம்

வுப்பர்டால்,
வியாழன்

இஞ்சாருங்கோ,



ஜெர்மனியில் விவாகரத்துக்கு முன் ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், ஒரே வீடென்றாலும் ஒருவருக்கொருவர் சமைக்கக்கூடாது என்று சட்டத்தரணி சொன்னதால்தானே பிரிட்ஜில் மேல்தட்டு எனக்கு, கீழ்த்தட்டு உங்களுக்கு என்று பிரித்தோம்?

இன்று விவாகரத்து வழக்கில் நீதிபதி, ஒருவருக்கொருவர் சமைக்கிறீர்களா என்று கேட்டதும் நீங்கள் மொழிபெயர்ப்பாளரிடம், "ஓம், ஒவ்வொரு நாளும் இவதான் எனக்குச் சமைக்கிறவ. நேற்றும் இடியப்பம் அவிச்சுத் தந்தவ" என்றீர்கள். நேற்று நீங்கள் கடித்தது பேக்கரியில் வாங்கிய காய்ந்த பாண்.

இப்போது விவாகரத்து இல்லை, மறுபடி முதலிலிருந்து ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டுமாம். இப்படிப் பொய் சொல்ல எங்கே பழகினீர்கள்? நான் ஏன் மறுக்கவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.

நாளைக்கு யாராவது விசாரித்தால் உங்கள் சொல் பொய்யாகக்கூடாது. மேசையில் இடியப்பம் மூடி வைத்திருக்கிறேன். சூடு ஆறமுன்னம் சாப்பிடுங்கோ.

இப்படிக்கு,
மேல்தட்டுக்காரி