மூன்றாவது ஓலை

ஜனவரி 5, ஞாயிறு

இன்று சபையில் என் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். "மூப்பர் தாவீது மகள் ஜெனிட்டாவுக்கும் நம் சபை வாலிபர் ஸ்டான்லிக்கும் நடக்கவிருக்கும் விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் மூன்றாம் வாசிப்புக்குள் சொல்லலாம்." பாஸ்டர் மைக்கைக் கடித்துத் தின்கிற மாதிரி வைத்துக்கொண்டு வாசித்தார். யாருக்கும் தடை இல்லை. இரண்டு இருமல், ஒரு குழந்தை அழுகை, அவ்வளவுதான். முன்னால் மூப்பர்களுக்கென்று போட்டிருக்கும் நாற்காலியில் அப்பா கஞ்சி போட்ட சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து ஸ்டான்லி புருவத்தைத் தூக்கிக் காட்டினான். சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் அரையாண்டு விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். இன்றைக்குப் பிரித்திருக்கவே கூடாது.

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல், ஐந்து மதிப்பெண் கேள்வி. உயிரின் தோற்றம் பற்றிய வேதிப் பரிணாமக் கோட்பாட்டை மில்லர்–யூரே சோதனையுடன் விளக்கு. ஹெலன் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறாள். கடவுள் ஆறு நாளில் எல்லாவற்றையும் உண்டாக்கினாராம். முதலில் வெளிச்சமாம், "ஏனென்றால் விளக்கைப் போடாமல் யாரும் வேலையை ஆரம்பிப்பதில்லை." அதற்கு ஸ்கேல் வைத்து அடிக்கோடு வேறு!

ஹெலன் எங்கள் பாஸ்டரின் மகள். அந்த விளக்கு வரி என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்க நான் சொல்வது. அங்கேயும் அவளுக்கு டீச்சர் நான்தான், செங்கல்பட்டுப் பள்ளிக்கூடத்திலும் நான்தான். இத்தனை நாள் இந்த இரண்டும் எனக்குள் சண்டை போட்டதே இல்லை. கேள்வி வேறு, பதில் வேறு. குழம்புக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால் யாராவது ஜெபம் பண்ணுவார்களா?

பூஜ்யம் போட்டேன். சிவப்பு மையில், நல்ல வட்டமாக.

ஜனவரி 7, செவ்வாய்

விடைத்தாள் கொடுத்தேன். ஹெலன் பூஜ்யத்தைப் பார்த்தாள், மடித்துப் பைக்குள் வைத்தாள். அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டுக் கேட்டேன், மில்லர் சோதனை தெரியாதா என்று. கடகடவென்று ஒப்பித்தாள். படம்கூட மேசையில் விரலால் வரைந்து காட்டினாள்.

"அப்புறம் இன்னாத்துக்குடி இப்டி எழுதின?"

"அப்பா பேப்பர முழுசாப் படிச்சிட்டுத்தான் மிஸ் சைன் போடுவாரு. அந்த மில்லர எழுதினா பள்ளிக்கூடத்த வுட்டு நிறுத்திடுவாரு."

மெடிக்கல் காலேஜ் வழியாக பஸ் போகும்போதெல்லாம் ஜன்னலில் கழுத்தை நீட்டிப் பார்க்கிற பெண். டாக்டராகவும் வேண்டும், அப்பாவுக்குத் தெரியாமலும் படிக்க வேண்டும். அந்த மனுஷனைக் கழுத்தைப் பிடித்துக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

தலைமையாசிரியர் பாலசுப்ரமணியன் காதுக்கு விஷயம் போய்விட்டது. ஒரே சிரிப்பு. "உங்க ஆளுங்களுக்குள்ளயே ஏம்மா அடிச்சுக்கறீங்க? எங்களுக்கு இந்தப் பிரச்சனையே இல்ல. மச்சம், கூர்மம், வராகம். தண்ணி ஜந்து, கரைக்கு வர்ற ஜந்து, தரை ஜந்து. சயின்ஸ் சொல்றதத்தான் நாங்க அப்பவே சொல்லிட்டோம்."

"வராகத்துக்கு அப்புறம் பாதி சிங்கம் பாதி மனுஷன் சார். அந்தப் பாதியோட எலும்பு எந்தப் பாறையில சார் கெடச்சுது?"

சிரிப்பு நின்றது. "அந்தப் பொண்ணோட அப்பா வந்தா நீங்களே பேசிக்குங்க" என்று ஃபைலைத் திறந்துகொண்டார். இவருக்கு நான் ஜோக், பாஸ்டருக்கு நான் பாவி. நல்ல பிழைப்பு.

ஜனவரி 8, புதன்

பாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா பதறி டீ போட ஓடினார். ஹோட்டல் சமையற்கட்டில் எத்தனையோ வெள்ளைக்காரர்களுக்குப் போட்டவர், பாஸ்டருக்கு டீ போடும்போது மட்டும் சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிடுவார்.

பாஸ்டர் விடைத்தாளை டீப்பாயில் விரித்தார். "உயிர் எப்படி வந்துச்சுன்னு இன்னும் முழுசாத் தெரியாதுன்னு நீங்களே க்ளாஸ்ல சொன்னீங்களாமே, சகோதரி?"

சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன். மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி எல்லாவற்றையும் கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து மின்பொறி விட்டார்கள். அமினோ அமிலம் கிடைத்தது. உயிர் கிடைக்கவில்லை. ஆனால் உயிருக்கு வேண்டிய செங்கல் சும்மா கிடந்த வாயுவிலிருந்தே வரும் என்று தெரிந்தது. அதிலிருந்து ஒரு செல் எப்படி வந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே அவரிடமும் சொன்னேன்.

"அப்போ தெரியாதத எழுதினா அஞ்சு, தெரிஞ்சத எழுதினா சைபரா?"

அப்பா டீயோடு வந்து நின்றார். டம்ளரை வாங்கி பாஸ்டர் முன்னால் வைத்தேன். சனியன், நன்றாகத்தான் கேட்டார்.

ஜனவரி 9

பரீட்சையில் கேட்டதற்குத்தான் மதிப்பெண், பாஸ்டர். இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர் போய் ஒரு நாள் கழித்து, திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது தோன்றுகிறது. லூசு.

ஜனவரி 12, ஞாயிறு

இரண்டாவது வாசிப்பு. "தடை" என்ற சொல்லுக்கு முன்னால் பாஸ்டர் நிறுத்தி, என்னைப் பார்த்துவிட்டு வாசித்தார். பெண்கள் பக்கம் முழுக்கக் குசுகுசு.

ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார்கள். பாஸ்டர், அப்பா, இன்னொரு மூப்பர் செல்வராஜ். ஒன்று, ஹெலனுக்கு ஐந்து மதிப்பெண்ணையும் போட வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஞாயிறு சபை முன்னால் நின்று, பள்ளியில் நான் நடத்தும் அந்தப் பாடம் பொய் என்று சாட்சி சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மூன்றாவது ஓலை வாசிக்கப்படாது. மூன்றும் வாசிக்காமல் தாலி கட்ட முடியாது.

"கல்யாணத்தை வெச்சா பாஸ்டர் மெரட்டுறீங்க?" என்றேன். செல்வராஜ் "ச்சூ" என்றார், நாயை விரட்டுகிற மாதிரி.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எகிறினேன். "நீ அங்க ஒரு வார்த்த பேசலியேப்பா!"

"இன்னான்னு பேச சொல்ற? இந்தக் கோயில் கட்டறப்ப கல்லு தூக்கினவன்டி நானு. ஊருக்குள்ள நம்மள நிக்கக்கூட வுடாத காலத்துல, உக்காருன்னு நாற்காலி போட்டது இந்த சபைதான். உன் குடுவையா போட்டுச்சி?"

அவர் சொன்னது உண்மை. அது உண்மையாக இருப்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஜனவரி 13

போகி. பழைய பாயை எரித்தேன். இன்னும் சில ஆட்களையும் சேர்த்து எரிக்கலாம்.

எனக்கு விசுவாசம் இல்லையென்று இவர்களுக்கு யார் சொன்னது? கரையில் அலை ஒதுக்கிப் போடுகிற பாசியைப் பார்த்தால் எனக்கு ஜெபம்தான் வருகிறது. எத்தனை கோடி வருஷத்துக் கதை அது. அதை எப்படிச் செய்தார் என்று கேட்டால் கடவுளுக்குக் கோபம் வருமா? இந்த ஆளுக்கு மட்டும் ஏன் வருகிறது? என் ஜெபத்தை இவர் முன்னால் அவிழ்த்துக் காட்ட மாட்டேன். மதிப்பெண்ணையும் திருத்த மாட்டேன்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். மாமல்லபுரத்தில் கால் வைக்க இடமில்லை. ஸ்டான்லியின் மறைமலைநகர் கம்பெனிக்கு இன்று லீவு. கடற்கரையில் பஜ்ஜிக் கடைக்குப் பின்னால் நின்று பேசினோம். பேசினோம் என்ன, கத்தினோம். சுற்றிலும் அவ்வளவு சத்தம்.

"ஒரு வார்த்த சொல்லிட்டு வாயேன் ஜெனி. வாயில வர்றதுதான? கம்பெனில தெனம் சேஃப்டி உறுதிமொழி சொல்லிக்கினுதான் கீறோம். எவன் அப்டி நடந்துக்குறான்?"

"அப்ப கல்யாணத்துல எனக்குச் சொல்லப்போறியே, அதுவும் அப்டித்தானா?"

"அத்தயும் இத்தயும் முடிச்சி போடாத. பேஜாரு பண்ணாத." பஜ்ஜியை ஒரு கடி கடித்துவிட்டு, "வுடு, நான் பாத்துக்கறேன்" என்றான்.

நான் பாத்துக்கறேன். அதைக் கேட்டதும் உடம்பே லேசானது. இந்தப் பத்து நாளில் என் பக்கம் யாரும் சொல்லாத வார்த்தை. மிச்சமிருந்த பஜ்ஜியை அவனிடமிருந்து பிடுங்கித் தின்றேன். இவனைக் கட்டிக்கொண்டால் நன்றாகத்தான் இருப்பேன்.

ஜனவரி 19, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

பாஸ்டர் ஓலையை எடுத்தார். வாசிப்பதற்கு முன்னால், "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சகோதரன் ஸ்டான்லி என்னைச் சந்தித்து வாக்குக் கொடுத்திருக்கிறார். விவாகம் முடிந்ததும் சகோதரி ஜெனிட்டா அந்தப் பள்ளி வேலையை விட்டுவிடுவார். ஆகவே இந்தக் காரியம் சமாதானமாக முடிந்தது" என்றார். "ஆமென்" என்று சபை முழுக்கச் சத்தம். முன்னால் அப்பாவின் தோள் நிம்மதியில் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். ஸ்டான்லி என்னைப் பார்த்துச் சிரித்தான். நிஜமாகவே எனக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்துச் சிரித்தான்!

இதுதான் அவன் பார்த்துக்கொண்ட லட்சணம்.

ஓலையை வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் என்றார். நான் எழுந்து நின்றேன்.

"தடை இருக்கு, பாஸ்டர்."

அவருக்கு முதலில் புரியவில்லை. "யாருக்கு?"

"எனக்கு. பொண்ணுக்கு."

"என்ன தடை?" என்றார். மைக் ஆன் பண்ணியே இருந்தது, ஊருக்கே கேட்டிருக்கும்.

"என் வேலைய வுடறேன்னு வாக்கு குடுக்க எனக்கு மட்டுந்தான் முடியும். நான் குடுக்கல. என்னைக் கேக்காம என்னத் தூக்கிக் குடுக்குற ஆளை நான் கட்டிக்க மாட்டேன். எழுதிக்குங்க."

பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஸ்டான்லி வாசல் வரை ஓடி வந்தான். "மானத்த வாங்கிட்டியேடி! உன்னக் காப்பாத்தத்தான போனேன்!" அவன் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். அதனால் என்ன? கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பாவி.

அப்பா என் ஸ்கூட்டியில் ஏறவில்லை. வெயிலில் நடந்தே வந்தார்.

ஜனவரி 20

அப்பா பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறார், தட்டைக் கழுவுகிறார், போகிறார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஓய்வுநாள் பள்ளியிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். என் படங்களையெல்லாம் ஒரு கட்டைப்பையில் போட்டு பாஸ்டரம்மா கொடுத்தார். சூரியன், மீன், ஆமை, மாடு, எல்லாம் நானே வெட்டி ஒட்டியவை.

பெண்கள் பக்கம் எனக்கு உட்கார இடமில்லை. காலியாக இருக்கும் இடத்திலெல்லாம் கைப்பை. "ஆள் வராங்க" என்கிறார்கள். வருகிற ஆள் கடைசி ஜெபம் வரை வருவதில்லை. ஆண்கள் பெண்கள் என்று பக்கம் பிரிக்காத கடைசி பெஞ்சில், குடைகளும் செருப்புப் பைகளும் கிடக்கிற மூலையில் உட்கார்ந்தேன். போகாமல் இருக்கலாம். அவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அதற்காகவே போவேன்.

மார்ச் 18

பொதுத்தேர்வு, உயிரியல். பள்ளி வாசலில் நின்றிருந்தேன். ஹெலன் வெளியே வந்ததும் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அது வந்துச்சு மிஸ். அஞ்சு மார்க்ல."

"எழுதினியா?"

"படம் போட்டு எழுதினேன். இந்தப் பேப்பர அப்பா பாக்க முடியாது மிஸ்." பிறகு மெல்ல, "ஞாயித்துக்கிழமை கேட்டா பழசத்தான் சொல்லுவேன்" என்றாள்.

"சொல்லு. விளக்கு வரியை மட்டும் வுட்றாத."

சிரித்தாள். பஸ் வந்தது, ஓடிவிட்டாள். சமாதானம் ஆகிவிட்டதா எனக்கு? இல்லை. பதினேழு வயதுப் பெண்ணுக்கு ஒளிந்து ஒளிந்து படிக்கச் சொல்லிக்கொடுத்த பாஸ்டர், என்னைச் சபை முன்னால் சாட்சி சொல்லச் சொன்னாரே. மறக்க மாட்டேன்.

மே 4, ஞாயிறு

கோயிலுக்குப் புறப்படும்போது அப்பா ஸ்கூட்டிக்குப் பின்னால் வந்து ஏறிக்கொண்டார். வண்டியைக் கிளப்பினேன்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று ஸ்டான்லிக்கு ஓலை வாசித்தார்கள். பெண் அச்சரப்பாக்கத்துப் பக்கம், நர்ஸ் வேலை. "விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள்" என்றதும் சபை மொத்தமும், பாஸ்டர் உட்பட, கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்திலிருந்து முழங்கை இடித்தது. "இன்னாடி, எழுந்துக்கப் போறியா?"

"இல்லப்பா. அந்தப் பொண்ணு எழுந்துக்கட்டும்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குட்டையை வாயில் வைத்து இருமுவதுபோல் சமாளித்தார். கஞ்சி போட்ட சட்டையில், குடைகளுக்கும் செருப்புப் பைகளுக்கும் நடுவில், என் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் அவர் நாற்காலி காலியாகக் கிடந்தது.