தங்கையின் தயக்கம்

ஜூன் 4

அன்புள்ள சித்திக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு எங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆளில்லாததால் இந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

அம்மா இன்னும் மன்றத்தின் மாடியறையில்தான் பிரிட்ஜ் சீட்டாட்டம் சொல்லிக்கொடுக்கிறாள். ஆறு மேசைகள் நிறைந்திருந்த அறையில் இப்போது இரண்டுக்குத்தான் ஆட்கள் வருகிறார்கள். கற்றுக்கொள்ள வரும் பல் மருத்துவர் மட்டும் சிரிக்க வைக்கிறார். "டீச்சர், பகல் முழுக்க எல்லாரையும் வாயைத் திறங்கன்னு சொல்றேன். இங்க வந்தா என்னை வாயை மூடச் சொல்றீங்க" என்றார்.

"வாய் மட்டும் இல்ல டாக்டர், மூஞ்சியும் பேசக் கூடாது. எதிர்ல இருக்கிற உங்க ஜோடிக்கு நீங்க சொல்ற ஏலம் மட்டும்தான் கேக்கணும். பெருமூச்செல்லாம் வீட்ல போய் விடுங்க" என்றாள் அம்மா.

நேற்று மன்றச் செயலாளர் கறாராகப் பேசினார். "போட்டியில ஆடாத டீச்சர்கிட்ட யாரும்மா கத்துக்க வருவா? இந்த மாசப் போட்டிக்குப் பேர் கொடுங்க. இல்லன்னா வகுப்பை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம்."

ஜோடி இல்லாமல் எப்படி ஆடுவது? பல் மருத்துவர் தயார்தான். அம்மாதான், "என் தங்கச்சி இடத்துல இன்னொருத்தரை உக்கார வைக்க மாட்டேன்" என்றுவிட்டாள். இந்த வகுப்பும் போனால் அவளுக்கு வேறென்ன இருக்கிறது?

வருவீர்களா சித்தி? நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

உங்கள்
புத்தகப் புழு

ஜூன் 11

என் கண்ணு புத்தகப் புழுவுக்கு,

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? கண்ணாடி பவர் இன்னும் ஏறிவிட்டதா?

நானும் உன் அம்மாவும் கடைசியாக ஜோடி சேர்ந்து ஆடிய இறுதிப் போட்டியில் நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் முறை வந்ததும் வெகுநேரம் தயங்கிவிட்டு, ஏலத்தை ஏற்றாமல் 'பாஸ்' என்றேன். தயங்கினால் கையில் நல்ல சீட்டு இருக்கிறது என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும்; அதை வைத்து ஜோடி ஆடக் கூடாது என்பது விதி. அக்கா துணிந்து ஏற்றினாள். ஜெயித்தோம். எதிராளிகள் புகார் எதுவும் செய்யாமல் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அக்காவே நடுவரைக் கூப்பிட்டு, "என் தங்கச்சி தயங்கினதை வச்சுத்தான் ஏத்தினேன். நாங்க ஜெயிச்சது செல்லாது" என்றாள். கோப்பை போனது போகட்டும். மண்டபமே என்னைச் சைகை காட்டிய திருடியைப் போலப் பார்த்ததே, அது போகுமா? உன் அம்மா என் காதில் முதலில் ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா?

வருகிறேன். ஆனால் அப்படி இன்னொரு தடவை நடந்தால் என்ன செய்வாள் என்று அவளைக் கேள். "உன்கிட்ட முதல்ல சொல்லுவேன்" என்றால் போதும். அடுத்த ரயிலில் ஏறிவிடுவேன்.

உன்
சித்தி

ஜூன் 20

அன்புள்ள சித்திக்கு,

கேட்டேன். அம்மா மேசை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். "அவளுக்கு எழுதினியாடி?" என்றாள். திட்டவில்லை. ஒரு விரிப்பையே மூன்று தடவை மடித்தாள்.

"முதல்ல சொல்லியிருந்தா, 'வேண்டாம்க்கா'ன்னு கையைப் பிடிச்சிருப்பா. அவ கையைப் பிடிச்சா நான் கேட்டுடுவேன். எனக்கு என்னைத் தெரியாதா? அதனாலதான் சொல்லல. இனியும் சொல்ல மாட்டேன்."

"சொல்லுவேன்னு மட்டும் எழுதிடட்டுமாம்மா? சித்தி வந்துடுவாங்க."

"எழுது. அவளும் வந்து எதிர்ல உக்காருவா. அப்புறம் நான் சீட்டைப் பாப்பேனா, அவ மூஞ்சியைப் பாப்பேனா?"

சித்தி, பொய்யாகவே ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டேன். ஒட்டுவதற்குள் கிழித்துவிட்டேன். என்னை மன்னிப்பீர்களா என்று தெரியவில்லை.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாள் முடிந்துவிட்டது. நேற்று சாயங்காலம் கடைசி வகுப்பு. எல்லோரும் போன பிறகு அம்மா ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியில் போய் உட்காரலாமா என்று நினைத்தேன். அது உங்கள் இடம் என்று நின்றுவிட்டேன். வாசலில் நின்ற செயலாளர், "டீச்சர், பூட்டணும்" என்றார். அம்மா எழுந்து அவர் கையில் சாவியைக் கொடுத்தாள். நாங்கள் படியிறங்கும்போது மாடியறை விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உங்கள்
புத்தகப் புழு