தம்புராட்டி பொம்மை

ஜூன் 10, செவ்வாய்

விடாத மழை. துவைத்தது ஒன்றும் காயவில்லை. எட்டு மணி சீரியலில் வரும் அரண்மனைச் சீமாட்டி பவானித் தம்புராட்டியைப் பொம்மையாகப் பின்னி முடித்தேன். குரோஷே ஊசியில் இதுவரை செய்ததில் இதுதான் நன்றாக வந்தது. புடவையின் கசவு ஜரிகைக் கரை, கொண்டை, அந்தக் கோணல் வாய். மூக்குத்தியை மட்டும் பிரித்துப் பிரித்துப் போட வேண்டியிருந்தது.

லலிதா அக்கா பார்த்தாள். என் கணவரின் அண்ணன் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. "அசலு அவளேதான். ஒரு நாளைக்குத் தா சுமதி. கடையில காட்டிட்டுக் கொண்டாறேன்." கொடுத்தேன். அதே சீரியலின் குடைக்காரன் குட்டப்பன் பொம்மையையும் இப்படித்தான் வாங்கிப் போனாள். இன்னும் திரும்பவில்லை.

வாங்க: கறுப்பு நூல், பஞ்சு, கொசுவர்த்தி.

ஜூன் 12, வியாழன்

நூல் வாங்கப் படகேறி அக்கரையில் பிராட்வே கடைத்தெரு. அக்கா வேலை செய்யும் தையல் கடையும் அங்கேதான். கடையின் கண்ணாடி அலமாரிக்குள் என் தம்புராட்டி, பக்கத்தில் குட்டப்பன். அக்கா சாப்பிடப் போயிருந்தாள். முதலாளி ஷேர்லி சேச்சிக்கு என்னைத் தெரியாது. "நம்ம லலிதா செஞ்சதாக்கும். என்ன கை பாரு" என்றாள். படகுத்துறைக்குத் திரும்பி நடந்தேன். படகில் வரும்போது கன்னம் எரிந்தது.

சாயங்காலம் சமையலறையில் கேட்டேன். அக்கா கதவைச் சாத்திவிட்டுக் கையை நீட்டினாள். விரல்கள் நடுங்கின. இன்னொரு கையால் பிடித்தும் நிற்கவில்லை. ஓணத்திலிருந்தே இப்படியாம்.

"தையல் கோணுதுன்னு சேச்சிக்கு சம்சயம் வந்துடுச்சு. அதான் பொம்மைய நான் செஞ்சதுன்னேன். கை நல்லாருக்குன்னு நெனக்கட்டும்னு. அந்தக் கடையும் போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு. யார்ட்டயும் சொல்லாத."

சொல்ல மாட்டேன் என்றேன். பாவம்தான். ஆனால் மூக்குத்தி என்னுடையது.

ஜூன் 14, சனி

காலையில் அக்காவின் பையிலிருந்து சோற்றுப் பாத்திரத்தை எடுத்து ஒளித்து வைத்தேன். பிறகு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் கடைக்கு. உள்ளே நல்ல கூட்டம். ஒருத்தி தன் மகளுக்குத் தம்புராட்டி வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மூக்குத்தி எப்படிப் போட்டீங்கன்னு இவங்களுக்குக் காட்டுங்க" என்றேன்.

ஊசியும் நூலும் என் பையில் தயார். நீட்டினேன். அக்கா என்னையே பார்த்தாள்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல."

"தலையிலதான் இருக்கு அக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். ஊசியை வாங்கினாள். விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி கொடுத்தேன். நூல் மாட்டவே இல்லை. ஷேர்லி சேச்சி வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, சந்தையில் மீனைப் புரட்டுவதுபோல் புரட்டிப் பார்த்தாள்.

"அப்போ பொம்மை யாரு செஞ்சது?"

"நான்" என்றேன். இவ்வளவு இனிக்கும் என்று நினைக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மழை விட்டது. மத்திக் குழம்பு. அக்கா வீட்டில் சொன்னது: அலுப்பா இருக்கு, வேலைய விட்டுட்டேன். என் பெயரை இழுக்கவில்லை. இவர் கேட்டார், "அண்ணி ஏன் அழுவுது?" தெரியாது என்றேன்.

மதியம் ஷேர்லி சேச்சி போன் செய்தாள். லலிதாவின் நாற்காலி காலி, நாளைக்கே வா. சரி என்றேன். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், எல்லாம் காதில் விழுந்திருக்கும். திரும்பாமலே சொன்னாள்: "பிளவுஸ் கொக்கிக்கு நூல எரட்டையாப் போடு. சேச்சி இழுத்துப் பாப்பா."

திட்டியிருக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

மறுபடி மழை. படகில் நிற்க இடமில்லை. நாற்காலியில் அக்காவின் குஷன் அப்படியே கிடந்தது. எடுத்துக் கீழே போட்டேன்.

உட்காரவிடாமல் ஷேர்லி சேச்சி தைக்கிற எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தாள். இன்றிலிருந்து புதுச் சட்டம். கையைக் காட்டிவிட்டுத்தான் ஊசியைத் தொட வேண்டும்.

"கை நீட்டு, காணட்டே."

நீட்டினேன். நடுங்கவில்லை. எனக்கு அடுத்து ரோசம்மா சேச்சி, கடையிலேயே வயதானவள். இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, நீட்டாமல், என்னைப் பார்த்தபடி நின்றாள்.