அக்காவுக்காக எடுத்த கார்

09.01.2025, வியாழன்

கார் வந்துவிட்டது. சின்ன வெள்ளை வாகன் ஆர். மூன்று மாதத்துக்கு என்னுடையது. வாடகைக்குக் கொடுத்தவர் இன்ஸாப், மார்க்கட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் இருக்கிறார். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நோர்வேயா சேர்? அப்ப நீங்க ஃபொறினர்தானே” என்றார். வெள்ளவத்தையில் நின்றுகொண்டு, தமிழில் கதைத்துக்கொண்டு, நான் ஃபொறினர். விசாவில் அப்படித்தான் இருக்கிறது, கோபிக்க முடியாது.

டிரைவரும் வேண்டுமா என்று கேட்டார். பேர்கனில் பஸ் ஓட்டியே பென்ஷன் எடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? அவருடைய நிபந்தனைகள்: உள்ளே புகைக்கக் கூடாது, டூரியன் பழம் ஏற்றக் கூடாது, முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் துஆப் பிரார்த்தனையைக் கிழிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அக்காவை ஏற்றிக்கொண்டு கேட் வழியாக வெளியே திரும்ப சிக்னல் போட்டேன். வைப்பர் ஆடியது. நோர்வேயில் சிக்னல் இடக்கையில், இங்கே வலக்கையில். நல்ல வெயில். “மழை வரப்போகுதோ தம்பி?” என்று கேட்டு அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அத்தான் காலமான பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இந்தக் காரே அவருக்காகத்தான் எடுத்தது. “இனி நீ பஸ் ஏறக் கூடாது. எங்க போறதெண்டாலும் என்னட்டச் சொல்லு” என்றேன். உடனே சொன்னார், அஸீஸாவைப் பார்க்க வேண்டுமாம். அஸீஸா ரீச்சர் அக்காவோடு பம்பலப்பிட்டியில் படிப்பித்தவர். சிறுநீரக வருத்தம். இப்போது ஹெந்தளையில் மகள் ரிஸ்னா வீட்டில். மாதத்தின் முதல் ஞாயிறு அக்கா புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று போய் வருவார். இந்த மாதம் நான் வந்து இறங்கிய அமளியில் போகவில்லை.

இந்த ஞாயிறே போவோம் என்றேன்.

12.01, ஞாயிறு

போகவில்லை. சிவபாதசுந்தரம் அண்ணர் ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கிவிட்டார். அப்பாவின் ஒன்றுவிட்ட தமையனின் மகன். மகள் சாருஜாவுக்குக் கொழும்பில் கல்யாணம். “கார் எடுத்திருக்கிறியாமே சிறி” என்று விமான நிலையத்திலிருந்தே போன். நான் கார் எடுத்து மூன்று நாள்தான், கனடாவுக்கு அது முந்திப் போய்விட்டது.

அக்கா அஸீஸாவுக்கென்று தேசிக்காய் ஊறுகாய் போட்டு வைத்திருந்தார். போத்தலைத் துணிப்பையில் சுற்றி டிக்கியில் வைத்தார். “கிடக்கட்டும். போகேக்க மறக்க மாட்டம்.”

17.01

பேர்கனில் ஓட்டிய காலம் முழுக்க அடித்த ஹோர்னை காலி வீதியில் ஒரு கிழமைக்குள் அடித்து முடித்துவிட்டேன்.

26.01, ஞாயிறு

அண்ணர் குடும்பத்தோடு கதிர்காமம் போய் வந்தேன். கல்யாணத்துக்கு முதல் கும்பிட வேண்டுமாம். வழி முழுக்க ஊறுகாய்ப் போத்தல் டிக்கியில் உருண்டு சத்தம் போட்டது. அண்ணி அது என்ன என்று கேட்டார். இறங்கி ஒரு பெட்டியை வைத்து உருளாமல் பண்ணினேன்.

போகும்போது அக்காவிடம் சொன்னேன். “ஓம், நீ போயிட்டு வா” என்றார். அவ்வளவுதான் எப்போதும். ரிஸ்னாவின் நம்பரை வாங்கி, அடுத்த கிழமை வருகிறோம் என்று நானே அவளுக்குச் சொன்னேன். அதிலும் ஒரு பெருந்தன்மை எனக்கு.

02.02, ஞாயிறு

முதல் ஞாயிறு. அக்கா காலையிலேயே நீலச் சேலை உடுத்து ஆயத்தமாக இருந்தார். அந்த நேரம் பார்த்து அண்ணர். மண்டபக்காரரைப் பார்க்க வேண்டும், பிறகு கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சம்பந்தி பகுதிக்குச் சொல்ல வேண்டும். “வாகனம் சும்மாதானே நிக்குது” என்றார்.

சும்மா நிற்கவில்லை, அக்கா சேலை உடுத்திக்கொண்டு நிற்கிறார் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. அக்காவுக்கு ‘இன்றைக்கு இல்லை’ என்று சொல்ல வருகிறது. மற்ற எவருக்கும் வருவதில்லை. ஏன்? அண்ணரிடம் இல்லையென்றால் அந்தக் கதை ரொறன்ரோ, லண்டன் எல்லாம் சுற்றும். அக்காவிடம் சொன்னால் எங்கேயும் போகாது.

மாலையில் வந்தபோது நீலச் சேலை மடித்து அலுமாரிக்குள் போயிருந்தது.

09.02

கல்யாணம். கல்யாணப் பொம்பிளையை மண்டபத்துக்குக் கொண்டுபோனதே என் கார்தான். சிறி இல்லாவிட்டால் ஒன்றும் நடந்திராது என்று நாலு பேர் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

15.02, சனி

அஸீஸா ரீச்சர் அக்காவுக்குப் போன் எடுத்தார். அக்கா பல்கனியில் நிற்க, இரண்டு பேரும் பழைய ஸ்டாஃப் ரூம் கதைகளைக் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு போன் என்னிடம் வந்தது. குரல் மெலிந்திருந்தது, பகிடிக்குக் குறைவில்லை. “தம்பி, கல்யாணப் பொண்ணெல்லாம் ஏத்துறீங்களாம். இந்தக் கெழவிக்கு ஒரு ரவுண்ட் இல்லையா?” என்றார். வெள்ளிக்கிழமை அண்ணர் குடும்பம் கனடா போகிறது, ஞாயிறு இருபத்துமூன்றாம் திகதி கட்டாயம், கடற்கரைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவோம் என்று வாக்குக் கொடுத்தேன்.

“இன்ஷா அல்லாஹ்” என்றார்.

21.02, வெள்ளி

எழுதத்தான் வேண்டும்.

காலையில் அண்ணர் வீட்டுப் பெட்டிகளைக் காரில் அடுக்கிக்கொண்டு நின்றபோது ரிஸ்னா போன் எடுத்தாள். “அங்கிள், உம்மா மவுத்தாகிட்டாங்க. சுபஹ் தொழுகை நேரம். டீச்சருக்கு அடிச்சேன், போன் ஓஃப்ல ஈக்கி. சொல்லுங்க, கெதியா வரச் சொல்லுங்க.” அக்கா போனை வீட்டில் அணைத்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார்.

நான் என்ன நினைத்தேன்? அஸீஸா ரீச்சரின் மகன் கட்டாரில். அவர் வந்து சேர நாளைக்காகும். ஆகவே அடக்கம் நாளை, இல்லாவிட்டால் நாளன்றைக்கு. எங்கள் ஆட்கள் அப்படித்தானே செய்வோம், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரும்வரை மலர்ச்சாலையில் உடலை வைத்திருப்போம். நோர்வேயில் ஒரு கிழமைக்கு மேலும் போகும். எப்போது எடுக்கிறீர்கள் என்று ரிஸ்னாவிடம் ஒரு சொல் கேட்டேனா? இல்லை. அண்ணர் பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயிலுக்குப் போய் அக்காவிடம் சொல்ல ஐந்து நிமிடம் பிடித்திருக்கும். கும்பிட்டுவிட்டு வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும், கட்டுநாயக்கா விமான நிலையம் போய் வந்து பக்குவமாகச் சொல்வோம் — இப்படி ஒரு கரிசனை வேறு எனக்கு. கரிசனையா அது? அண்ணரின் பிளேன் பிந்தக் கூடாது என்பதுதான்.

பேலியகொடையில் ஹைவேயில் ஏறும்போது, ஏறாமல் நேரே போனால் வத்தளை, அங்கிருந்து ஹெந்தளை என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஏறினேன். விமான நிலையத்தில் பெட்டி பாரம் கூடிவிட்டது. திறந்து, மாற்றி அடுக்கி, பிறகு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்று அண்ணர். குடித்தேன். அதையும் குடித்தேன்.

வீட்டுக்கு வரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. அக்கா எனக்குச் சோறு போட்டு மூடி வைத்திருந்தார். அவருடைய போன் அணைத்தபடியே மேசையில் கிடந்தது. சொன்னேன்.

“எப்ப சொன்னவள்?”

“காலமை.”

“காலமையோ?” பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார், “இண்டைக்கு வெள்ளிக்கிழமை தம்பி. ஜும்மாத் தொழுகையோட அடக்கக் கொண்டுபோயிருப்பினம். அவையள் வைச்சிருக்கிறேல்ல.”

அக்காவுக்குத் தெரியும். இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நான் ஃபொறினர்தானே.

காரை எடுத்துச் சிக்னல் போட்டேன், திரும்பவும் வைப்பர் ஆடியது. மொட்டை வெயில். யாரும் சிரிக்கவில்லை.

ஹெந்தளையில் வாசலில் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். ரிஸ்னா அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதது கேட்டது. “முகம் பாக்க நீங்க வருவீங்கன்னு கடைசி மட்டும் வச்சிக்கிட்டு ஈந்தோம் டீச்சர். ஜும்மாவுக்கு நேரமாகிட்டுன்னு ஆம்புளையள் தூக்கிட்டாங்க.”

எனக்காகப் பொய் சொல்வார் என்று பார்த்தேன். ரோட்டில் ட்ராஃபிக் புளொக் என்று. அக்கா அதையும் சொல்லவில்லை. “எனக்குச் செய்தி நேரத்துக்குக் கிடைக்கேல்ல பிள்ளை” என்றார்.

22.02

ஊறுகாய் இன்னும் டிக்கியில் இருக்கிறது. நேற்று அதை எப்படி இறக்குவது?

23.02, ஞாயிறு

இன்றைக்குத்தான் நான் வாக்குக் கொடுத்த நாள்.

இரண்டு நாளாக மனதில் கிடந்ததை மத்தியானம் கேட்டுவிட்டேன். நான் வர முதல் மாதாமாதம் போய் வந்தவர்தானே, இந்தக் கிழமைகளில் ஒரு நாள் பஸ்ஸில் போயிருக்கலாமே என்று. கேட்ட விதம் சரியில்லை. குற்றத்தில் கொஞ்சத்தை அவர் பக்கம் தள்ளிவிடப் பார்த்தேன் போல.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“நான் பஸ் ஏறக் கூடாதெண்டனீ. எனக்கெண்டு கார் எடுத்து வைச்சிருக்க, நான் பஸ்ஸில போனால் உனக்கு மனம் நோகுமெல்லோ. அதுதான் பாத்துக்கொண்டிருந்தனான்.”

நான் எழும்பி பல்கனிக்குப் போய்விட்டேன். எனக்கு மனம் நோகக் கூடாதென்று! என்ன மனிசன் நான்? ஒரு பஸ் டிக்கட்டில் முடிந்திருக்கும். கார் இல்லாவிட்டால் அவர் இரண்டு தரம் போய் வந்திருப்பார். நான் வராமலே இருந்திருக்கலாம், நோர்வேயில் பனி அள்ளிக்கொண்டு கிடந்திருக்கலாம்.

25.02

இன்ஸாப் காரைப் பார்த்துவிட்டுப் போக வந்தார். வாயைச் சும்மா வைத்திருக்க முடியாமல் நடந்ததைச் சொன்னேன். அவர் துஆ ஒட்டிய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “எனக்கு ஒரு கோல் அடிச்சிருக்கலாமே சேர். சொல்லிருப்பேனே, நாங்க மையித்த அடக்காம வைக்க மாட்டோம்னு.”

02.03, ஞாயிறு

நான் எழும்பிய நேரம் அக்கா வீட்டில் இல்லை. டிக்கியில் துணிப்பையும் இல்லை, கார்ச் சாவி நான் மாட்டாத கொளுக்கியில் தொங்கியது. ஹெந்தளைக்குப் போய்ப் பொழுதுபட வந்தார். நோன்பு தொடங்கிவிட்டதாம், ரிஸ்னா கஞ்சி கொடுத்துவிட்டிருந்தாள். எனக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தந்தார்.

கோபமில்லை. அதுதான் பிரச்சினை. கோபித்து இரண்டு வார்த்தை பேசினால் நானும் ஏதாவது சொல்லலாம்.

18.03

அக்கா கண் ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸில்தான். கோயிலுக்கு நடை. கார் கவரைக் கழற்றி உதறிவிட்டுத் திரும்பப் போட்டேன்.

06.04, ஞாயிறு

புதன்கிழமை காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்று முதல் ஞாயிறு.

நேரத்துக்கே எழும்பிக் காரைக் கழுவினேன். அக்கா நீலச் சேலையில் வந்தார், கையில் குடை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஏறு அக்கா, இன்றைக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன், நானும் ரிஸ்னாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன். நாலு நாளாக யோசித்து வைத்திருந்த வசனம்.

அக்கா காரைப் பார்த்தார். பிறகு என்னை. முகத்தில் ஒரு கடுமையும் இல்லை, சின்ன வயதில் எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்ட அதே முகம்.

“வேண்டாம் தம்பி. நீ காரை வைச்சிரு. ஆராவது கேப்பினம்.”

குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். குடையை விரித்துக்கொண்டு காலி வீதிப் பக்கம் நடந்தார். நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன்.

அவர் திருப்பத்தில் மறைய முதல் போன் அடித்தது. சவுந்தரநாயகம், கொட்டாஞ்சேனைச் சம்பந்தி பகுதி ஆள். இரத்மலானையில் ஒரு அந்தியேட்டி, செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் சடங்காம், நாலு பேர் போக வேண்டுமாம், வாகனம் நிற்கிறதா என்று கேட்டார்.

“கார் இல்லை” என்றேன்.

இந்த மூன்று மாதத்தில் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் ஒன்றும் நினைக்கவில்லை. பரவாயில்லை தம்பி, பஸ்ஸில் போகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார். அவ்வளவு லேசாக இருந்தது. கழுவிய தண்ணீர் சொட்டியபடி கார் என் பக்கத்தில்தான் நின்றது.