இரண்டு துடிப்பு, ஓர் இடைவெளி

டைட்டன். முதல் வண்டி. பதிபவர்: செண்பகவல்லி, நிலவியலாளர்.

நாள் 5, 08:30

ஏரிக்கரை மாதிரிகள் ஏற்றியாகிவிட்டன. திரும்புகிறேன். நிலையம் 240 கிலோமீட்டர். வெளியே மைனஸ் 179.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விளக்கம். இங்கே காற்றிலேயே மீத்தேன் இருக்கிறது. எஞ்சின் அதைப் பிரித்தெடுத்து எரிக்கும். ஆக்சிஜனை நாம் சுமந்து வர வேண்டும். எஞ்சினுக்கும் எனக்கும் ஒரே தொட்டிதான். இப்போது 84 கிலோ. எஞ்சினுக்கு 72, எனக்கு 4 போதும்.

மூன்று சிலிண்டர்களும் சீராக ஓடுகின்றன. நிலையத்தில் என்னைத் தவிர இருப்பவன் மெக்கானிக் இசக்கிராஜ் மட்டும். நான் புறப்பட்டதற்கு முந்தைய நாள் ஆயுத பூஜை. எலுமிச்சைக்குப் பதிலாக மஞ்சள் பிளாஸ்டிக் உருண்டை அச்சிட்டுச் சக்கரத்தின் அடியில் வைத்தான். அன்று வந்த அவன் செய்தி இன்னும் பதிவில் இருக்கிறது:

"எக்கா, ரெண்டு வண்டிக்கும் பொட்டு வச்சாச்சு. வெளிய வச்சா குளிர்ல உதுந்துரும்னு உள்ளாற வச்சிருக்கேன். இனி அது பாட்டுக்கு ஓடும்."

நாள் 5, 11:10

50 கிலோமீட்டரில் ஏற்றத்தில் வண்டி குலுங்கியது. மிஸ்ஸிங். இரண்டு துடிப்பு, ஓர் இடைவெளி. நடு சிலிண்டரில் பொறி தப்புகிறது என்று திரை காட்டுகிறது. தப்பும் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் எரியாமல் புகைக்குழாய் வழியே போகிறது. என் மூச்சு அது.

உடை அணிந்து வெளியே போய் எஞ்சின் பெட்டியைத் திறந்தேன். பத்து நிமிடத்துக்குள் மூடிவிட வேண்டும். இல்லையென்றால் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் ரப்பர் உறை உறைந்து கண்ணாடிபோல் நொறுங்கும். பொறி தரும் நடு பிளக்கைக் கழற்றினேன். முனை சுத்தம், கரி இல்லை, இடைவெளி சரி. ஆனாலும் புதியது மாட்டினேன். உபரி இரண்டில் ஒன்று போயிற்று. எஞ்சின் சீரானது.

நாள் 5, 13:40

22 கிலோமீட்டர்தான். மறுபடியும் அதே சிலிண்டர்.

கழற்றினேன். புது பிளக்கின் முனையும் சுத்தம். அடுத்த உபரியையும் மாட்டினேன். பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டுக் குலுங்கியது. பிளக்கில் தவறில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பிளக்குகளை வீணாக்கிய பிறகு.

நாள் 6, 09:00

முதல் காயிலையும் நடு காயிலையும் இடம் மாற்றினேன். மிஸ்ஸிங் முதல் சிலிண்டருக்குப் போனது. அப்படியானால் காயில்தான். மாற்றுக் காயில் கொண்டுவரவில்லை. ஏன் கொண்டுவரவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நிலையம் 150 கிலோமீட்டர். தொட்டி 52. எஞ்சின் சீராக ஓடினால் 45 போதும். இப்படியே தப்பினால் 67 வேண்டும். இசக்கிராஜை அழைத்தேன்.

"காயிலா? அது நான் டெஸ்ட் பண்ணி மாட்டுனதுக்கா. பிளக்கு மொனைய நல்லாப் பாத்தியளா?"

பார்த்தேன், மூன்று முறை பார்த்தேன் என்றேன்.

"நீங்க கல்லு பாக்குற ஆளு. ஸ்பேனரப் புடிச்சா அது கோவிச்சுக்கிடும். அங்கனயே இருங்க, நான் ரெண்டாவது வண்டிய எடுத்துட்டு வாரேன். மணல்மேட்டு வழி சுத்துதான், ஆனா வெரசா வந்துருவேன்."

வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நாள் 6, 12:30

சும்மா உட்கார முடியவில்லை. காயிலின் மின்தடையை அளக்க அதை அறைக்குள் எடுத்து வந்தேன். தடை சரியாக இருந்தது. எரிச்சலில் மேசைமேல் வீசினேன். சூடு ஏற ஏற ஒரு வாசனை. சந்தனம்.

பிளக்கின் தலையைக் கவ்வும் ரப்பர் உறையை விரித்துப் பார்த்தேன். உள்ளே காய்ந்த சந்தனமும் குங்குமமும், வெந்து கரியாகி, மயிரிழைபோல ஒரு கோடு. பழைய பிளக்கை எடுத்தேன். முனை சுத்தம். மேலே, வெள்ளைப் பீங்கானில், அதே கோடு. அதை முதல் நாளே பார்த்திருந்தேன். கறை என்று விட்டுவிட்டேன். பொறி முனைக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே இறங்கிப் போயிருக்கிறது. எத்தனை பிளக் மாற்றினாலும் உறைக்குள்ளிருக்கும் கரி புது பிளக்கிலும் ஒட்டிக்கொள்ளும்.

பொட்டை அவன் காயில்களின் தலையில் வைத்திருக்கிறான். நடுவில் உள்ளதற்குப் பெரிதாக. வடிந்து உள்ளே இறங்கிவிட்டது.

ஆல்கஹால் துணியால் மூன்று உறைகளையும் மூன்று பீங்கான்களையும் துடைத்தேன். எஞ்சின் பாடுகிறது. தொட்டி 51. நிலையம் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ரெண்டு வண்டிக்கும் பொட்டு வச்சாச்சு, என்றான்.

நாள் 6, 12:50

அழைத்தேன். அவனுக்குக் கேட்கவில்லை. பேசும் பொத்தானை ரப்பர் பேண்டால் இறுக்கிவிட்டு ஓட்டுவது அவன் வழக்கம். கழற்ற மறப்பதும் வழக்கம். பொத்தான் அழுந்தியிருக்கும் வரை அவன் பேசுவது எனக்கு வரும், நான் பேசுவது அவனுக்குப் போகாது.

பின்னணியில் எஞ்சின். இரண்டு துடிப்பு, ஓர் இடைவெளி.

"ஏல, என்னல இழுக்க? ஓடுல ராசா."

உபரி பிளக்குகள் எல்லாம் என்னிடம்தான் இருந்தன. அவனிடம் துடைக்கத் துணி இருக்கும். எங்கே துடைப்பது என்று தெரியாது.

நாள் 6, 13:05

வரைபடத்தில் அவன் புள்ளி என்னிடமிருந்து 110 கிலோமீட்டரில். அங்கிருந்து நிலையம் 70. அவனிடம் போகவும் அங்கிருந்து நிலையம் திரும்பவும் என் தொட்டி மட்டும் போதாது. அவன் தொட்டியில் மிச்சம் இருந்தால் இருவரும் திரும்பலாம். அவன் எஞ்சின் அதைத்தான் வெளியே ஊதிக்கொண்டிருக்கிறது.

வண்டியை மணல்மேட்டுப் பக்கம் திருப்பினேன்.

நாள் 6, 15:20

ஓட்டிக்கொண்டே பேசிப் பதிகிறேன். இன்னும் 35 கிலோமீட்டர். அவன் எஞ்சின் இப்போது ஒரு துடிப்பு, இரண்டு இடைவெளி. இன்னொரு சிலிண்டரும் போய்விட்டது. ஒவ்வோர் ஐந்து நிமிடமும் அழைக்கிறேன். தொண்டை கட்டிவிட்டது.

நாள் 6, 15:41

அவன் எஞ்சின் நின்றது. தலைக்கவச மைக் அதே இணைப்பில் இருப்பதால் வெளியே போன பிறகும் கேட்கிறது. எஞ்சின் பெட்டி திறக்கும் சத்தம்.

15:47

"எக்கா, கேக்குதா? உங்களச் சிரிச்சனே, எனக்கும் மிஸ்ஸிங்தான். நடு பிளக்கக் கழத்திட்டேன். மொனை சுத்தமாத்தான் இருக்கு."

மேலே பார். பீங்கானைப் பார்.

15:49

"அடுத்ததும் சுத்தம்க்கா."

பெட்டி திறந்து எட்டு நிமிடம்.

15:50

மூடு, இசக்கி. மூடிவிட்டு உள்ளே போ. நான் வந்து துடைக்கிறேன்.

15:51

பத்து.

"மூணாவதையும் பாத்துருதேன்."

15:53

ஏதோ நொறுங்கும் சத்தம். கண்ணாடி மாதிரி. காயிலின் உறை.

"எக்கா?"